நாற்பத்திரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை

அத்தியாயம் 14

மார்ச் 9, திங்கட்கிழமை, காலை ஏழு மணி. பழைய குடியிருப்பின் மூன்றாம் தளத்தில், வடக்குச் சுவர் விரிசலின் குறுக்கே பொறியாளர் ஒட்டியிருந்த ஏழு கண்ணாடிப் பட்டைகளில் நான்காவதும் உடைந்திருந்தது.

சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். அதற்காகத்தான் ஒட்டுவது. முதல் மூன்றும் உடைய எட்டு மாதம் ஆயிற்று. நான்காவதுக்குப் பதினோரு நாள் போதுமானதாக இருந்தது.

தையல்காரி துண்டுகளைப் பொறுக்கிக் காகிதத்தில் மடித்தாள். பிறகு இயந்திரத்தின் முன் உட்கார்ந்தாள்.

"உங்களுக்குச் சத்தம் கேட்டுச்சா அண்ணி?"

"எப்போ?"

"விடியறப்போ. டிக்குனு ஒரு சத்தம். உங்க தம்பி பல்லின்னு சொல்லிட்டுப் புரண்டு படுத்துட்டாரு. அவருக்கு இடி விழுந்தாலும் பல்லிதான்."

அண்ணி என்று அவள் அழைத்தது கணவனின் அக்காவை. அக்கா சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியும் ஹெட்போனுமாக உட்கார்ந்திருந்தாள். சிரிக்கவில்லை.

அவள் ஏன் சிரிக்கவில்லை என்பது சென்ற வாரங்களைப் படித்தவர்களுக்குத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு, சுருக்கமாக.

இந்தக் குடியிருப்பில் நூற்றிருபது குடும்பங்கள். கட்டடத்தை இடித்தே ஆக வேண்டும் என்று எழுதிக்கொடுத்துவிட்டார்கள். சதுப்பு ஓரத்தில் எழும்பும் புதிய வீட்டுத் திட்டத்தில் ஐந்து தொகுதிகள், அ முதல் உ வரை. மேட்டில் இருக்கும் அ, ஆ, இ வெளியாருக்கு விற்பனைக்கு. தண்ணீரை ஒட்டிய ஈ, உ இரண்டும் இந்த நூற்றிருபது குடும்பங்களுக்கு. குலுக்கலில் தம்பிக்கு உ தொகுதி, இரண்டாம் தளம் விழுந்தது. அன்று முதல் தையல்காரி வரைபடத்தில் ஜன்னலை அளந்து திரைச்சீலை தைத்துக்கொண்டிருக்கிறாள். கட்டப்படாத ஜன்னலுக்கு ஆறு திரைகள் தயார்.

குறுக்கே நிற்பது கட்டைவிரல் அளவு தவளை. அதன் பெயர் ஆணியடிப்பான். நாலு வீடு தள்ளி யாரோ சுவரில் ஆணி அடிப்பது போலக் கத்தும். வேறெங்கும் அநேகமாக அற்றுப்போய்விட்ட இனம். அது இருக்கிறது என்று பதிவானால் தண்ணீரிலிருந்து நூறு மீட்டருக்குள் ஒரு செங்கல் வைக்கக் கூடாது. ஈ, உ இரண்டும் அந்த நூறு மீட்டருக்குள்தான் வருகின்றன.

அது இருக்கிறதா என்று கணக்கெடுக்கும் வேலை அக்காவுடையது. என் தம்பி பெயரும் பட்டியலில் இருக்கிறது என்று அவள் அதிகாரியிடம் முதல் நாளே சொன்னாள். "வேற ஆள் இருந்தா நான் ஏம்மா உங்களைக் கூப்பிடறேன்?" என்றார் அவர். வேறு ஆள் இருந்தார். அவளுடைய கணவர். காய்ச்சலில் அவர் போய் மூன்று வருடமாகிறது. அதன் பிறகுதான் அவள் தம்பி வீட்டுக்கு வந்தது.

நாணல் நடுவே ஒலிப்பதிவுக் கருவியை ஏழு மாலைகள் தொங்கவிட்டாள். எங்கே என்று வீட்டில்கூடச் சொல்லவில்லை, அது விதி. அறிக்கை நாளை காலை பதினொரு மணிக்குள் போக வேண்டும். ஆறு நாள் பதிவுகளைத் திரையில் படமாகப் பார்த்தே முடித்துவிட்டாள். ஆணியடிப்பானின் குரல் படத்தில் வேலிக்கம்பி போல வரிசையாக நிற்கும். ஆறு நாளும் வேலி நின்றது. ஆறு கட்டத்திலும் 'இருக்கிறது' என்று எழுதினாள். ஆறு திரைச்சீலைகள் மடித்து வைத்திருந்த அலமாரியின் பக்கம் அந்த வாரம் முழுவதும் அவள் போகவில்லை.

ஏழில் ஒரு நாளை மட்டும் காதால் முழுவதும் கேட்க வேண்டும் என்பது இன்னொரு விதி. அவள் சனிக்கிழமையை எடுத்துக்கொண்டாள்.

மாலை ஐந்து ஐம்பதில் பதிவு தொடங்கியது. காற்று, நாணல் உரசல், தூரத்து லாரி. சரியாக ஆறு மணிக்குத் தவளைகள் ஆரம்பித்தன. ஒன்று, இரண்டு, பிறகு பத்து என்று சேரவில்லை. நூற்றுக்கணக்கில், ஒரே கணத்தில்.

அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. எந்தத் தவளைக் கூட்டமும் கடிகாரம் பார்த்துக் கத்தாது.

பென்சிலை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டாள். ஆறு நாற்பத்திரண்டு. கூட்டக் குரலுக்கு நடுவே, காதுக்கு மிக அருகே, ஓர் ஆண் நாக்கைச் சப்புக்கொட்டினான்.

"போதும்" என்றான்.

தவளைகள் அனைத்தும் நின்றன. இரண்டு விநாடி ஒன்றுமில்லை. பிறகு ஒரே ஒரு தட்டு. அப்புறம் மறுபடி நூற்றுக்கணக்கில்.

அவள் பின்னோக்கி ஓட்டினாள். சப்புக்கொட்டல். "போதும்." தட்டு.

ஏழு இருபத்துநாலுக்கு மறுபடி. அதே சப்புக்கொட்டல், அதே 'போதும்', அதே தட்டு. எட்டு மணிக்கு எல்லாம் ஒரே வெட்டாக அறுந்தது. அதன் பிறகு பதிவு முடியும் வரை நாணல் மட்டும் உரசியது.

"என்ன அண்ணி, முகம் வெளுத்துப் போச்சு?"

அக்கா ஹெட்போனின் ஒரு பக்கத்தை நீட்டினாள். தையல்காரி துணியை மடியில் போட்டுக்கொண்டு காதில் வைத்தாள். அக்கா ஓட்டினாள்.

தையல்காரி ஹெட்போனைச் சூடுபட்டவள் போல மேசையில் போட்டாள்.

"அண்ணன் குரல்." அக்காவின் கணவரை அவள் அப்படித்தான் அழைப்பாள்.

"ம்."

"பழைய டேப்பா?"

"முந்தாநாள் எடுத்தது."

ஹெட்போனுக்குள்ளிருந்து தவளைகள் சன்னமாகக் கத்திக்கொண்டே இருந்தன.

"அதெல்லாம் எனக்கு வேணாம் அண்ணி," என்றாள் தையல்காரி. "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்தத் தவளை இருக்கா, இல்லையா?"

"இன்னைக்குச் சாயங்காலம் சொல்றேன்."

"தவளைக்கு வீடு வேணும்னு எழுத ஒரு ஆபீஸ் இருக்கு. அதுல நீங்க இருக்கீங்க. எங்களுக்கு யாரு இருக்கா?"

அக்கா மடிக்கணினியையும் படிவத்தையும் பையில் போட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

◆

திட்ட இடத்தில் கட்டி முடித்த வீடு ஒன்றுதான். வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கான மாதிரி வீடு. அதில் படுக்கை விரித்திருக்கும், யாரும் படுத்ததில்லை. தட்டில் பழம் இருக்கும், அது மெழுகு. அலமாரியில் புத்தகங்களின் முதுகு மட்டும் இருக்கும். சமையலறைக் குழாயைத் திறந்தால் காற்றுக்கூட வராது. ஜன்னலுக்கு வெளியே, சிவப்புத் துணி கட்டிய அளவுக் குச்சிகளைத் தாண்டி, சதுப்பு தட்டையாகக் கிடந்தது.

தம்பி கூடத்தில் ஏணி மேல் நின்று விளக்கு மாட்டிக்கொண்டிருந்தான். இந்தத் திட்டத்தின் எலக்ட்ரீஷியன் அவன்தான். சின்ன விஷயத்துக்கும் பொசுக்கென்று போய்விடுவான் என்பதால் ஃபியூஸ் என்று பெயர்.

"செருப்பை வெளிய விடுக்கா. மேனேஜர் பாத்தா என் உயிரை எடுப்பான்."

"ஆளே குடியில்லாத வீட்டுல என்னடா மரியாதை?"

"ஆள் குடியில்லாததாலதான் சுத்தமா இருக்கு."

"உங்க மாமா குரலை எங்கடா வச்சிருக்க?"

ஏணியில் அவன் கை நின்றது. விளக்கு மெதுவாக ஆடியது. அவன் இறங்கிக் கடைசிப் படியில் உட்கார்ந்தான்.

"குரலா? நான் தவளையைத்தானே வச்சேன்."

கதை ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தது. நாலு மாதத்துக்கு முன்பு வீடு பார்க்க வந்த சிலர், ஜன்னலைத் திறந்ததும் கிளம்பிப் போய்விட்டார்களாம். சதுப்பு பக்கத்தில் இருந்தும் ஒரு பூச்சிச் சத்தம்கூட இல்லை, சாவு வீடு மாதிரி இருக்கிறது என்றார்களாம். மேனேஜர் கல் வடிவத்தில் ஒரு ஒலிபெருக்கி வாங்கிக் கொடுத்து, தவளைச் சத்தம் எங்காவது பிடி என்றார். ஃபியூஸுக்கு வெளியே தேட வேண்டியிருக்கவில்லை. மாமாவின் பழைய ஹார்ட் டிஸ்க் வீட்டிலேயே இருந்தது. இதே சதுப்பில் ஐந்து வருடத்துக்கு முன்பு அவர் பதிவுசெய்தது. நாற்பத்திரண்டு நிமிடம்.

"வேலை முடிச்சு ஜனங்க வர்ற நேரம்னு ஆறுல இருந்து எட்டு வரைக்கும் டைமர் போட்டேன். மாமா ஆரம்பத்துல தேதி, இடம் எல்லாம் சொல்வாருல்ல, அதை ஜாக்கிரதையா வெட்டினேன். கடைசியில வேற பேசுவாருன்னு யாரு கண்டா?"

"கடைசி வரைக்கும் கேக்கலையா நீ?"

"நாற்பத்திரண்டு நிமிஷம் தவளை கேக்க நான் என்ன பாம்பா?"

அவள் சிரித்துவிட்டாள். உடனே அது நின்றும் போனது. அவள் கணவர் எதையும் அப்படித்தான் முடிப்பார். பதிவை, சாப்பாட்டை, வாக்குவாதத்தை. சப்புக்கொட்டி, ஒரு 'போதும்'.

ஃபியூஸ் எதையோ யோசித்து மெதுவாக எழுந்து நின்றான்.

"அப்ப நீ ஏழு நாளும் கேட்டது என் ஸ்பீக்கரையா?"

"ஆமா."

"அப்ப நிஜத் தவளை இல்ல!" அவன் குரல் காலிக் கூடத்தில் எதிரொலித்தது. "இல்லைன்னு எழுதலாம்க்கா! பொய்கூட இல்ல. நெஞ்சுல கை வச்சு எழுதலாம்!"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். பையில் இருக்கும் படிவத்தில் ஆறு கட்டங்கள் எழுதியபடி இருக்கின்றன. ஏழாவதையும் அப்படியே எழுதிவிட்டால் யாருக்கும் தெரியாது. செத்துப்போன மனிதர் ஒருவர், செத்துப்போன தவளைகளைக் கொண்டு, நூறு மீட்டர் தண்ணீரைக் காப்பாற்றிக் கொடுத்திருப்பார்.

"நான் வாயைத் திறக்கலைன்னா?" என்றாள்.

ஃபியூஸ் அவளைப் புதிய ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"திறக்கலைன்னா நாங்க நடுத்தெருவுல. அவ்வளவுதான். சுவர் எப்ப வருமோன்னு பாத்துக்கிட்டுப் படுக்கறோம்க்கா. பல்லின்னு சொல்றது அவ தூங்கணும்னு."

அது அவளுக்குத் தெரியாது.

"எழுதுவேன்டா," என்றாள். "கேட்டதைத்தான் எழுதுவேன். அந்த ஃபைலோட கடைசியை ஒரு தடவை போடு."

அவன் கைப்பேசியில் போட்டான். தவளைகள், சப்புக்கொட்டல், "போதும்." பதிவு முடிந்தது.

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. நாலு விநாடி விட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கும்."

அவள் மடிக்கணினியைத் திறந்து, சதுப்பில் பதிவானதைப் போட்டுக் காட்டினாள். "போதும்." இரண்டு விநாடி. தட்டு.

"அந்தத் தட்டு உன் ஃபைல்ல இல்ல."

"கரண்ட் சத்தமா இருக்கும்."

"கரண்ட் ஆணி அடிக்குமாடா?"

ஏழு நாள், நாளுக்கு இரண்டு முறை. பதினாலு இடத்தையும் அவள் எடுத்துப் போட்டாள். பதினாலிலும் அந்தத் தட்டு இருந்தது. எப்போதும் அந்த நாலு விநாடி இடைவெளிக்குள். எப்போதும் ஒன்றே ஒன்று.

ஃபியூஸ் வெயிலில் நின்ற அந்தச் சதுப்பைப் பார்த்து, ஜன்னலைச் சாத்தினான்.

◆

ஐந்து ஐம்பதுக்கு ஃபியூஸ் பொய்க் கல்லின் பிளக்கைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். இருவரும் கரையில் சிமென்ட் சாக்கு விரித்து உட்கார்ந்தார்கள்.

ஆறு மணி. ஒன்றுமில்லை.

சதுப்பு அமைதியாக இருந்தது என்று எழுதினால் போதாது. அமைதி என்றால் சிறு சத்தங்கள் இருக்கும். இங்கே தண்ணீரின் விளிம்பு வரை வந்த ஓசைகள் அங்கேயே நின்றுவிட்டன. கட்டுமானத் தொழிலாளர்கள் சைக்கிளில் போனார்கள். ஒருவர்கூடச் சதுப்பின் பக்கம் திரும்பவில்லை.

"மாமா இங்க வந்து என்னதான் கேப்பாரு, தினமும்?"

"எண்ணுவாரு."

"எண்ணி?"

"எண்ணி எழுதுவாரு."

ஆறு நாற்பத்திரண்டு தாண்டியது. வெளிச்சம் நாணலின் நுனியில் மட்டும் நின்றது. ஏழு மணி. மேட்டில் இ தொகுதியின் எட்டாம் மாடியில் யாரோ வெல்டிங்கை முடித்தார்கள். ஏழு இருபது. இல்லை என்று எழுதும் வாக்கியத்தை அக்கா மனதுக்குள் அமைக்கத் தொடங்கியிருந்தாள்.

ஏழு இருபத்தைந்துக்கு ஃபியூஸின் பொறுமை போய்விட்டது. கழுத்தில் கொசுவை அடித்துக்கொண்டு எழுந்தான். சப்புக்கொட்டினான்.

"போதும்."

இரண்டு விநாடி.

தட்டு.

முன்னால், அடர்ந்த நாணலின் அடியிலிருந்து வந்தது. நாலு வீடு தள்ளி யாரோ ஓர் ஆணியை, ஒரே ஒருமுறை அடித்தது போல.

ஃபியூஸ் எழுந்த நிலையிலேயே குனிந்து நின்றான்.

"பிளக் என் பையில இருக்குக்கா."

"தெரியும்."

"வேற ஸ்பீக்கரும் இல்ல. நான் ஒண்ணுதான் வச்சேன்."

"தெரியும்டா. இன்னொரு தடவை சொல்லு."

"மாட்டேன்."

அவள் தானே சப்புக்கொட்டினாள். "போதும்" என்றாள். அவர்கள் காத்திருந்தார்கள். தண்ணீர் அசையவில்லை. மறுபடி சொன்னாள். அதற்கும் பதிலில்லை.

நெடுநேரத்துக்குப் பிறகு ஃபியூஸ், தன் குரலில் இல்லாமல், மூன்று வருடமாக அவன் வாயிலிருந்து யாரும் கேட்காத ஒரு குரலில், மெதுவாகச் சொன்னான். முன்பெல்லாம் பந்தியில் மாமாவைப் போலப் பேசிக்காட்டி எல்லோரையும் சிரிக்கவைப்பான். அந்தக் குரல்.

"போதும்."

தட்டு.

"இது யாருக்குக்கா பதில் சொல்லுது?"

அவளிடம் விஞ்ஞானம் இருந்தது. தனியாக மிஞ்சிய ஆண் தவளை; நாலு மாதமாக அந்த இரைச்சலுக்குள் இடம் கிடைக்காமல், இந்தச் சொல்லுக்குப் பிறகு வரும் இடைவெளியில் மட்டும் கத்தப் பழகியிருக்கலாம். அதைச் சொன்னாள். சொல்லும்போது அவள் கை அவன் சட்டையைப் பிடித்திருந்தது.

பிறகு பையிலிருந்து படிவத்தை எடுத்தாள். கைப்பேசி வெளிச்சத்தில் இரண்டு கட்டங்களைக் காட்டினாள். ஒன்று, எண்ணிக்கை. இன்னொன்று, கூடக் கேட்டவர்.

"ஒரே ஒரு குரல்னா ரெண்டு பேர் கேட்டிருக்கணும். ரெண்டு கையெழுத்து. இல்லைன்னா செல்லாது."

"இதுக்குத்தான் என்னை உக்கார வச்சியா?"

"ஆமா."

"நான் போடலைன்னா?"

"இல்லைன்னு எழுதுவேன். அதுவும் விதிதான். உ தொகுதி வரும்."

"போட்டா?"

"வராது. ஸ்பீக்கரைப் பத்தியும் எழுதணும். மேனேஜர் உன்னை நிறுத்தினாலும் நிறுத்துவார்."

ஃபியூஸ் நாணலைப் பார்த்தான். மேட்டில் அ, ஆ, இ மூன்றும் கருத்த சதுரங்களாக நின்றன.

"போடச் சொல்லுறியாக்கா?"

"சொல்ல மாட்டேன்."

"மாமா இருந்தா சொல்லியிருப்பாரு."

"அவர் இருந்தா அவரே போட்டிருப்பார். உன்கிட்ட வந்திருக்க மாட்டேன்."

அவன் பேனாவை வாங்கிக்கொண்டான். உடனே எழுதவில்லை. முழங்காலில் படிவத்தை வைத்து, அதன் மேல் உள்ளங்கையை விரித்து மூடியபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். தண்ணீரின் பக்கமிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது தையல்காரி சாப்பாட்டை எடுத்து வைத்திருந்தாள்.

"இருக்கா, இல்லையா?"

"நாளைக்கு அக்கா எழுதுவா," என்றான் ஃபியூஸ்.

"அதுக்கு ஏன் என் முகத்தைப் பாக்காம சொல்றீங்க?"

அவன் கை கழுவப் போனான். வெகுநேரம் கழுவினான்.

◆

செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு அறிக்கை அதிகாரியின் மேசைக்குப் போனது. எண்ணிக்கை என்ற கட்டத்தில் 'ஒன்று' என்றும், கூடக் கேட்டவர் என்ற கட்டத்தில் எலக்ட்ரீஷியனின் கையெழுத்தும் இருந்தன. பதினொரு மணிக்குக் கூடிய குழு ஈ, உ தொகுதிகளுக்கான அனுமதியை நிறுத்திவைத்தது. அ, ஆ, இ தொகுதிகளின் வேலை தொடரலாம் என்று குறிப்பு எழுதப்பட்டது. நூற்றிருபது குடும்பங்களுக்கான மாற்று இடம் கூட்டத்தின் விவாதப் பட்டியலில் ஒன்பதாவது பொருளாக இருந்தது. நேரமில்லாததால் அது எடுத்துக்கொள்ளப்படவில்லை.